மூலையாரின் ஐந்து நகர்த்தல்கள்

ஐந்து நகர்த்தல்களையும் வரிசையாகப் போட்டுவிட்டுத்தான் அவர் கை கழுவப் போவார். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி, பதினான்கு மாடி அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை. கருவிப்பெட்டியின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, க்ரீஸ் படாத சுண்டுவிரலால் தொடுவார். ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் ஒரு கட்டம். அது காலி செய்த இடத்தில் பிஷப். ராணியின் சிப்பாய் ஒரே ஒரு கட்டம். குதிரை வெளியே. பிறகு யானையைத் துணைக்கு வைத்து ராஜாவுக்குக் கோட்டை. எதிராளி இன்னும் ஒரு காயைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். கைபேசியில் இருக்கும் அந்தச் செஸ் செயலியில் அப்படி ஒரு வசதி. நம் நகர்த்தல்களை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால், அந்தப் பக்கம் ஆட ஆட இந்தப் பக்கம் தானாகவே ஆடிக்கொள்ளும்.

எதிராளி அவருடைய மகள். பதின்மூன்று வயது. வேறு ஊரில் தாயோடு இருக்கிறாள். எப்போதும் அவளுக்குத்தான் வெள்ளை.

நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் செஸ் ஆடக் கூடுகிறவர்கள் இவருக்கு மூலையார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரில் கூப்பிடும்போதும் அதே பெயர்தான், அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. கறுப்புக் காய் கிடைத்தால் மனிதருக்குக் கொண்டாட்டம். எல்லாரும் பலகையின் நடுவைப் பிடிக்க முண்டியடிப்பார்கள். இவர் நடுவை எதிராளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மூலைக்குப் போய்விடுவார். அங்கே பிஷப்பை உட்கார்த்தி வைத்து, பலகையின் குறுக்கே நெடுகப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிராளி நடுவில் சிப்பாய்களைக் கொண்டுவந்து குவிக்கட்டும், குவித்ததைக் காப்பாற்றவே அவனுக்கு நேரம் போதாது, சமயம் பார்த்து ஓரத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமும் சரிந்துவிடும் என்பது கணக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால் சில பெரிய மூளைகள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த கணக்கு அது; தப்பென்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சிக்கல், தட்ட வேண்டிய சமயத்தில் தட்ட வேண்டும். மூலையார் தட்ட மாட்டார்.

"வரட்டும், வரட்டும்" என்பார். எதிராளியின் சிப்பாய்கள் மூக்குக்கு நேரே வந்து நிற்கும்போதும், "இன்னும் கொஞ்சம் வரட்டுமே, நமக்கென்ன அவசரம்?" என்பார். பத்து ஆட்டத்தில் ஏழு தோற்பார். தோற்றதும் கைகொடுத்துவிட்டு, எந்த இடத்தில் தட்டியிருக்கலாம் என்று எதிராளிக்கே விளக்கம் சொல்வார். அவர் காட்டும் இடம் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கும். "உங்களோட ஆடறது செவுத்துல பந்தடிக்கிற மாதிரி இருக்குங்க. நான் என்ன பண்ணாலும் நீங்க பண்றதையேதான் பண்றீங்க" என்று ஒரு வங்கிக்காரர் சலித்துக்கொண்டார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

லிஃப்டைப் பராமரிப்பதுதான் தொழில், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிறுகளில் மாடிக்கு ஒன்றாக மஞ்சள் பெயின்ட் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். அடையாளம் மோட்டாரின் இரும்புச் சட்டத்துக்கு நேராக வந்து நின்றால் லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று அறையில் இருந்தபடியே தெரியும். மோட்டார் இழுக்கும் தொனியை வைத்து உள்ளே எத்தனை பேர் என்றுகூடச் சொல்லிவிடுவார், அநேகமாகச் சரியாக இருக்கும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டடத்து ஜனங்களை ஏற்றி இறக்குகிறார்; அவர்களில் ஒருவருடைய முகமும் அவருக்குத் தெரியாது. வாட்ச்மேன் ஒருவர்தான் அவ்வப்போது மேலே வந்து கதை பேசுவார்.

"ஏண்ணே, மேலயே உக்காந்திருக்கீங்களே, போரடிக்கல?"

"எறங்கி வந்தா மட்டும் என்ன? இங்கருந்தே எல்லாம் தெரியுதே."

மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவிக்கு வேறு ஊரில் பெரிய வேலை வந்தது. சாப்பாட்டு மேசையில் உத்தரவுக் கடிதத்தைப் பிரித்து வைத்துவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதேதான். தாராள மனசோடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. போகட்டும், இடம் பிடிக்கட்டும், நிலைப்படட்டும், பிறகு பதமாகப் பேசிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டமும் இருந்தது. லாரியில் சாமான் ஏறுகிற அன்று அவள் அழுதாள், இவர் கயிறு நன்றாகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பேசும் சமயம் இன்னும் வரவில்லை. அவளும் இப்போதெல்லாம் எதையும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் வாரமே அவருக்கு நகர்ந்தது. யாரும் இல்லாத கட்டடத்தில் ஞாயிறு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அதற்காகத்தான். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது மனிதர் அறையில் இருக்க மாட்டார். குழாயடியில் சோப்புத்தூள் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருப்பார். முதல் ஐந்து நகர்த்தல்தான் மாறப்போவதில்லையே, அதற்கு எதற்கு ஆள்?

ஆறு மாதத்துக்கு முன்னால் மனைவி போனில் கூப்பிட்டாள். "அவ நீச்சல் வகுப்புல சேரணும்கறா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குத்தான் எடம் இருக்காம். உங்களோட ஆடறது இருக்கேன்னு யோசிக்கிறா. வேணும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா சேர மாட்டா. என்ன சொல்லட்டும்?"

அந்த ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்ததை முழுங்கிவிட்டு, "அவ இஷ்டம். நான் எதுக்கு நடுவுல?" என்றார். போனை வைத்த பிறகு அரைமணி நேரம் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். குழந்தை தானாகவே வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று நம்பினார். அதற்குப் பிறகும் அவள் ஞாயிறுதோறும் ஆட்டத்துக்கு வந்தாள். பார்த்தாயா, நான் கேட்காமலே வருகிறாள் என்று வாட்ச்மேனிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

நான்காவது ஞாயிறு. ஐந்தையும் போட்டுவிட்டு வழக்கம்போல் கை கழுவப் போனார். துடைத்துக்கொண்டே வந்து பார்த்தால் மூலை காலி. பிஷப் இல்லை, யானை இல்லை, குதிரை இல்லை. மகளின் ஒற்றை வெள்ளை பிஷப் மூன்றையும் வெட்டிவிட்டு இவர் வீட்டுக்குள் நின்றது. கோட்டைக்கு யானையே இல்லாததால் ஐந்தாவது நகர்த்தல் மட்டும் நின்றுபோயிருந்தது.

நடந்ததைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது நகர்த்தலிலேயே அவள் தன் பிஷப்பைக் கொண்டுவந்து வெட்டு என்று இவர் முன்னால் வைத்திருக்கிறாள். குதிரையால் வெட்டலாம், பிஷப்பால் வெட்டலாம், கேட்பார் கிடையாது. இவருடைய பிஷப் அதைக் கண்டுகொள்ளாமல் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தது. அவள் அதை வெட்டினாள். பதிலுக்கு இவர் தரப்பு ஒன்றுமே நடக்காதது போல் ராணியின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியது. அவள் யானையை வெட்டினாள். இவர் தரப்பு குதிரையையும் எடுத்து அவள் வாயருகில் வைத்தது. எந்த ஊரிலும் எந்தப் பைத்தியக்காரனும் இப்படி ஆடியிருக்க மாட்டான்.

போன் அடித்தது. அவள்தான்.

"அப்பா, பலகையப் பாத்தியா?"

"இப்பதாம்மா பாத்தேன். என்னடி கண்ணு, ஒரே பிஷப்ப வெச்சு வீட்டையே காலி பண்ணிட்டே! எங்க கத்துக்கிட்டே இத?"

"கத்துக்கல. நீ பாக்கறியான்னு பாத்தேன்."

அவர் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் இல்லை.

"கை கழுவப் போயிருந்தேன்மா. ஒரே க்ரீஸ்."

"எல்லா வாரமுமாப்பா?"

அவள் நிதானமாகப் பேசினாள்.

"மூணு வாரமா நான் மொதல்ல குதிரைய வெளிய எடுக்கறேன். அப்புறம் அதே எடத்துல திரும்ப வெக்கறேன். திரும்பவும் எடுக்கறேன், திரும்பவும் வெக்கறேன். என்னடி பண்றேன்னு நீ கேப்பேன்னு நெனச்சேன். திட்டுவேன்னு கூட நெனச்சேன். நீ பாட்டுக்கு உன் அஞ்சையும் ஆடினே."

"பாத்தேன்மா. பாக்காம என்ன?"

"சரி, போன வாரம் நான் மொதல்ல எத நகர்த்தினேன்? சொல்லு."

தன் நகர்த்தல்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். அவளுடையதைத் தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். எல்லாரும் முதலில் ஆடுவதைச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது.

"ராஜாவுக்கு முன்னால இருக்கற சிப்பாய்... ரெண்டு கட்டம்."

"குதிரைப்பா" என்றாள் மகள். "இப்பதானே சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினார். ஏதாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"நீச்சல்ல சேந்துக்கட்டுமாப்பா?"

இதைவிட நல்ல சமயம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. வேண்டாம், எனக்கு நீ வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம், அடுத்த ரயிலைப் பிடித்து வருகிறேன் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். பாவி மனிதரின் வாயிலிருந்து தானாகவே வந்து விழுந்தது:

"உன் இஷ்டம்மா."

"ம். தெரியும்" என்றாள். கோபமாக இல்லை. "சரிப்பா, வெக்கறேன்."

சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. திரும்பக் கூப்பிட்டார், அடித்து ஓய்ந்தது. பலகையில் அவருடைய நேரம் ஓடி ஓடி முடிந்து, வெள்ளைக்கு வெற்றி என்று திரை சொன்னது.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. அவள் நீச்சலில் நன்றாகத் தேறிவிட்டதாக அம்மாக்காரி படம் அனுப்பியிருந்தாள். தண்ணீருக்குள் இருக்கும் ஆறு தலைகளில் எது அவளுடையது என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் வெட்கமாக இருந்தது. நூலக மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாட்ச்மேன் மேலே வந்தால், "அப்புறம் பேசலாம்யா" என்று அனுப்பிவிடுகிறார். ரயில் டிக்கெட் இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் ரத்து செய்தார். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே இப்போது கை கழுவிவிடுகிறார். நாலு மணிக்கு மகளை ஆட்டத்துக்கு அழைக்கிறார். அந்த நேரத்தில் அவள் தண்ணீரில் இருப்பாள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். காய்கள் வரிசையில் வந்து நிற்கின்றன, முதலில் ஆட வேண்டியது வெள்ளை. அவர் எந்த நகர்த்தலையும் சொல்லி வைப்பதில்லை. ஈரம் காயாத இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டு, அசையாத அந்த வெள்ளைக் குதிரையையே கண் கொட்டாமல் பார்க்கிறார்.