கரை வைத்த தொட்டி

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு ஆடி வெள்ளிக்கிழமை காலையில். காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். இடது முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது. முட்டி மட்டும் மடங்க மறுத்தது. மணையில் உட்கார முடியாது, குனிந்து வாளியில் மொள்ள முடியாது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்தோம். ஈரத் தரையில் அது ஒருமுறை விலுக்கென்று நகர்ந்தது, அதோடு அவளுக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விட்டது.

அதனால் நான்தான் அவளைக் குளிப்பாட்டினேன். மார்புக்கு மேலே பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, சுவரில் அடித்த கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். நான் மொண்டு ஊற்றுவேன், முதுகு தேய்ப்பேன். முதல் சொம்பு விழுவதற்கு முன்பே கண்ணை இறுக மூடிக்கொள்வாள், துண்டைச் சுற்றிய பிறகுதான் திறப்பாள். சீயக்காய் கரிக்கிறது போல என்று ஷாம்பு வாங்கி வந்தேன். அப்போதும் மூடிக்கொண்டுதான் இருந்தாள். சரி, பயத்தில் பழகிப்போனது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு கேட்கிற வழக்கம் கிடையாது.

அவள் புலம்புகிறவள் இல்லை. வலி என்றுகூட அதிகம் சொன்னதில்லை. ஒரே ஒரு ஆசையைத்தான் வாய்விட்டுச் சொன்னாள், அதுவும் சுவரைப் பார்த்து.

"ஒரு நாளு நானே தாப்பா போட்டுக்கினு குளிச்சா போதும்."

கால் பயிற்சி கொடுக்க வந்த பெண், முட்டி வரைக்கும் தினம் அரை மணி நேரம் வெந்நீரில் வைத்தால் மடங்கும் என்றார். எங்கள் வீட்டு வாளி பாதிக் கெண்டைக்காலுக்குத்தான் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இதைக் கேட்டதும், பாத்ரூமையே இடித்துக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாள். செல்போனில் படம் படமாக வந்தது.

"ஃப்ரீ ஸ்டேண்டிங் டப்பு பா. செவுத்துல ஒட்டாது, தனியா நிக்கும். அம்மா ஜாலியா படுத்துக்கினு இருக்கலாம்."

"இன்னாது, ஃப்ரீயா குடுக்கறாங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. விழுந்த பிறகு அவள் கேலி பேசியது அன்றுதான். அதற்காகவே அந்தத் தொட்டியை வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் குழித்தறிக்காரர்கள். தரையில் வெட்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து நெய்வோம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். என் வலது பக்கத்தில் அதே பலகையில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு ஊடை நூல் ஓடும் நாடாவைப் போட்டது இருபத்தாறு வருடமாக அவள்தான். விழுந்த பிறகு அவளால் தரைக்கு இறங்க முடியவில்லை. அவள் இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. உடலும் கரையும் ஒரே நிறத்தில் ஓடுகிற புடவைகளைத் தனியாக நெய்துகொண்டிருந்தேன்.

தை பிறந்து, ஐயம்பேட்டை தாண்டி இருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஷேர் ஆட்டோவில் காலை நீட்ட முடியாது என்று தனி ஆட்டோ வைத்துக்கொண்டோம். சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, வழி நெடுக என் மடியில் காலை நீட்டிக்கொண்டு வந்தாள்.

கடையில் தொட்டிகள் வரிசையாக நின்றன. நடுவில் முட்டை வடிவத்தில் ஒன்று. இரண்டு முனையும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, எங்கேயும் ஒரு மூலை இல்லாமல் வழவழவென்று இருந்தது. பட்டுத் துணியைப் பார்க்கிற மாதிரி புறங்கையால் தடவிப் பார்த்தேன். அந்த மெருகிலேயே நான் விழுந்துவிட்டேன். "இதுதான்" என்றேன். மகள் அனுப்பிய படத்திலும் இதுதான் இருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். "உள்ள படுத்துப் பாருங்கம்மா. அப்பதான் சைஸ் கரெக்டா தெரியும்" என்றார்.

அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "இத்தினி பேரு இருக்கறச்ச எப்பிடிப்பா படுக்கறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து இப்படி முரண்டு பிடிக்கிறாளே என்று. "பாக்கறவன் பாத்துட்டுப் போறான். செருப்பக் கழட்டிட்டுப் படும்மா" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணை மூடினாள், திறந்தாள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

பிறகு தொட்டியின் விளிம்பை உள்ளங்கையால் ஒரு சுற்று தடவினாள். "இதுக்குக் கரையே இல்லியே" என்றாள்.

"கறையா?" என்றார் கடைக்காரர். "கறையெல்லாம் புடிக்காதும்மா. மஞ்சத் தேச்சிக் குளிச்சாக்கூட ஒரு தொட தொடச்சா போயிடும். அதுக்கு நாங்க கேரண்டி."

"அந்தக் கற இல்லப்பா. பொடவைக்கு இருக்குதே, அந்தக் கர. ஓரத்துல."

"ரிம்மா? இதெல்லாம் ஸ்லிம் ரிம்மும்மா. இப்ப எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு உள்ள படுக்க வேணாங்க. படுத்தா ஏந்திரிக்க மறுபடி நீங்கதான் வந்து தூக்கணும். குறுக்க நம்ம பலகயப் போட்டுக்கினு உக்காருவேன். குழில உடற மாதிரி கால மட்டும் உள்ள உட்டா போதும். கர தட்டையா இருந்தாதான் பலக நிக்கும்." விளிம்பைத் தட்டிக் காட்டி, "ஆறு மாசமா கோர்வ போடாம கரயே மறந்துபோச்சா உங்களுக்கு?" என்றாள்.

நானும் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு சேலையைக் கையில் கொடுத்தால் முதலில் கரையைத்தான் பார்ப்பேன். தொட்டியில் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. அதில் அவள் எப்படி இறங்குவாள், எப்படி ஏறுவாள் என்று ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை.

கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, நீள்சதுரமாக ஒன்று கிடந்தது. நான்கு விரற்கடை அகலத்துக்குத் தட்டையான கரை, நேரான பக்கங்கள். யாரோ சொல்லி வரவழைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுப்போனதாம். மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குக் கொஞ்சம் வெள்ளையடித்தால் இப்படித்தான் இருக்கும். அவள் கரையின் மேல் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தாள். "இது" என்றாள். வீடியோ காலில் அதைப் பார்த்த மகள் முகத்தைச் சுளித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

குளியலறை வேலை மூன்று வாரம் நடந்தது. தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, மூன்று பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி வைத்தோம். கால் நனைந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற மாட்டேன் என்று அவள் சொன்னதால், கை ஷவர் ஒன்று வைத்தார் பிளம்பர். மிஞ்சியது பலகை. தறியில் இருந்தது இரண்டு பேர் உட்காரும் நீளம். தொட்டிக்கு அது அதிகம். வேறு பலகை வாங்கி வருகிறேன் என்றேன்.

"அது நான் உக்காந்த பலக. அதுலதான் எனக்கு பயம் இருக்காது. அறுத்துடுங்க" என்றாள்.

ஆசாரி வந்து அறுத்தார். ரம்பம் ஓடும்போது நான் தெருவில் போய் நின்றுகொண்டேன். இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இடம் இரண்டாகிறதை நின்று பார்க்க முடியவில்லை. கொஞ்சம் பெரிய துண்டு தொட்டிக்குப் போனது. நகராமல் இருக்க அடியில் இரண்டு கட்டை அடித்து, கரையோடு கவ்வும்படி செய்தார். மற்ற துண்டு தறியில் என் அடியில் இருக்கிறது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதல் குளியல். தண்ணீர் நிரப்பி, சூடு பார்த்து, துண்டையும் மாற்றுச் சேலையையும் கைக்கெட்டும் கம்பியில் போட்டேன். சீயக்காய்க் கிண்ணத்தை அவளே கொண்டுவந்து கரையில் வைத்தாள்.

"நீங்க போங்க."

தாழ்ப்பாள் விழுந்தது.

"நிக்கறீங்களா?" என்றாள் உள்ளிருந்து.

"இல்ல" என்றேன், கதவுக்கு ஒட்டி நின்றுகொண்டே.

பலகை ஒருமுறை முனகியது. எனக்குத் தெரிந்த சத்தம்தான். முதலில் உட்கார்வது, பிறகு திரும்பி ஒவ்வொரு காலாக உள்ளே விடுவது. தறியில் இறங்கும்போதும் அப்படித்தான் இறங்குவாள். வலது கால் தண்ணீரில் இறங்கியது கேட்டது. நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கதவை உடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் இடது கால். பிறகு ஷவர் சத்தம், அதற்குள்ளே அவள் ஏதோ முணுமுணுக்கிற சத்தம். ஓடுகிற தண்ணீரில் வார்த்தை பிடிபடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. சேலை சுற்றி, தலையில் துண்டு கட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அழுதியா?"

"அழுவல. சீக்கா உள்ள போயிட்டுது."

"எப்பவும் கண்ண மூடிக்கினுதானே குளிப்ப?"

"அப்ப நீங்க இருந்தீங்க" என்றாள். "நீங்க என்னைப் பாக்கறத நான் பாக்க வேணாம்னு மூடிக்குவேன். இன்னிக்கி ஆரும் இல்ல. கண்ணத் தொறந்துக்கினே குளிச்சேன்."

ஏழு மாதம். தினமும் ஒரு கை தூரத்தில் நின்று ஊற்றியிருக்கிறேன். சீயக்காய் என்று நினைத்து ஷாம்பு வாங்கினேனே ஒழிய, ஒரு நாளும் கேட்கவில்லை.

"முதுவு தொடச்சி உடட்டுமா?" என்றேன். அந்த ஏழு மாதத்தில் அவளைத் தொடுவதற்கு முன் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைத் துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பி நின்றாள்.