ஓட்டை போட்ட பால் டின்

கிடைத்ததை அன்றே பகிர்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம், ஒரு பால் டின்னைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது. மலாயாவின் அவசரகாலத்தில், அக்காவின் குழந்தைக்காகத் திகாம் பத்து டவுன் கடையில் வாங்கினேன். கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டே கொடுத்தார். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு மூடிய டின் போய்விடக் கூடாதாம்.

“நாளைக்கே கெட்டுடுமே அண்ணே!”

“சட்டம் லா, தங்கச்சி.”

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா டின்னை வாங்கியதுமே பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். “அடியே, ஒம் புள்ளைக்கும் கிளாஸ் கொண்டா! வச்சிருந்தா எறும்புதான் குடிக்கும்.”

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி டின் வாங்கினாள். அக்காவின் குழந்தை குடித்தது. இப்படியே முறை வைத்து, எங்கள் லயத்தில் ஒரு குழந்தையும் பாலுக்கு அழவில்லை. என்ன பெண்கள்! இவர்களிடையே வளர்ந்தது என் பாக்கியம்.

எனக்குக் கிடைத்தது பள்ளிப் படிப்பு. நாளை மாலை, ஊரடங்குக்கு முன், இவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர உட்காரப் போகிறேன்.