மருதமரத்தடியில் ஒரு பச்சைப் புள்ளி

வெளியூரிலிருந்து வந்த சில இளைஞர்கள், போடியின் பெரிய வரைபடம் ஒன்றைக் கல்யாண மண்டபத்துச் சுவரில் மாட்டினார்கள். ஊர்க்காரர்கள் புள்ளி ஒட்ட வேண்டும். கோபம் வரும் இடத்தில் சிவப்பு, பயத்துக்கு நீலம், மனசு அமைதியாகும் இடத்தில் பச்சை. ஊரின் மனதையும் மரம், மலை, ஆறுகளையும் ஒரே படத்தில் காட்டப் போகிறார்களாம்.

மதியத்துக்குள் பஸ் நிலையம் சிவந்துவிட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் மலைப்பாதை வளைவுகளிலெல்லாம் நீலத்தை ஒட்டிவிட்டு, "இது ஜீப்புல வர்றவுக பயம் தம்பி, எனக்கில்ல" என்று விளக்கமும் சொன்னார்.

நான் கொட்டகுடி ஆற்றங்கரை மருதமரத்தின் மேல் பச்சையை ஒட்டினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டரை நிறுத்தி அங்கே கொஞ்சம் உட்காருவேன். ஆறு பேசிக்கொண்டே இருக்கும், பதில் கேட்காது.

பின்னால் நின்ற கணவருக்கு முகம் சுருங்கியது.

"ஏன், நம்ம வீடு படத்துல இல்லியா?"

"இருக்கு."

"பெறகு?"

"அங்கன எனக்குச் சோலிதான இருக்கு."

அவர் தன் பச்சையை வீட்டின் மேல் அழுத்தி ஒட்டினார். அவருக்கு அங்கே அமைதி கிடைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கொஞ்ச நாளில் மரத்தடிக்கு சர்பத் வண்டி வந்தது, சிமெண்ட் பெஞ்சு வந்தது, 'மன அமைதி மரம்' என்று போர்டும் வந்தது. நான் போனபோது ஒரு பெண், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, ரீல்ஸ் எடுக்கணும்" என்றாள். தள்ளினேன். தள்ளித் தள்ளி ஸ்கூட்டர் வரைக்கும் வந்துவிட்டேன்.

கணவருக்கோ பெருமை தாங்கவில்லை. "அந்த எடத்தக் கண்டுபிடிச்சதே எங்க வீட்டம்மாதான்" என்று கடைத்தெருவெல்லாம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிள்ளைகளையும் மாமியாரையும் ஆட்டோவில் ஏற்றிவிடுவார்.

"வெரசா கெளம்பு. ஒன் எடத்துக்குத்தான போறோம்!"

"துணி தொவைக்கக் கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க."

ஆட்டோ தெருமுனை தாண்டும்வரை வாளியோடு நிற்பேன். பிறகு டிவி ஓடாது, காபி கேட்க ஆளிருக்காது. கூடத்துத் தரையில் படுத்து, ஜன்னல் வழியே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பொழுது சாயத் திரும்பி வருவார்கள்.

"நீயும் வந்திருக்கணும் ஆத்தா," என்பார் மாமியார். "அம்புட்டு நிம்மதி அங்க."

"இருக்கும் அத்த," என்று அடுப்பைப் பற்றவைப்பேன்.