மேலே தண்ணீர் விழுந்தால் கீழே கரண்ட் போகும்

எங்கள் வீட்டில் பேய் இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த பிறகுதான், பெரியவர்கள் கரண்ட் போவதைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சூலூரில் ஓர் அபார்ட்மெண்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் எங்காவது ரோட்டில் இருப்பார். அம்மா திருப்பூர் கம்பெனி ஒன்றிலிருந்து பனியன் துணி வாங்கி, வீட்டிலேயே கரண்ட் மிஷினில் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போனால் கட்டிடம் முழுக்கப் போக வேண்டும், அதுதானே நியாயம்? எங்கள் வீட்டில் மட்டும் போகும். எதிர் வீட்டில் டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வாசற்கதவுக்கு மேலே இருந்த பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடுவார். சில சமயம் நிற்கும், சில சமயம் கையை எடுப்பதற்குள் மறுபடி விழும். அந்த வீட்டுக் குளியலறையில் ஜன்னலே கிடையாது. பட்டப்பகலில் சோப்பு போட்ட முகத்தோடு அந்த இருட்டில் எத்தனை முறை மாட்டிக்கொண்டேனோ! ஒவ்வொரு முறையும் கட்டிடமே கேட்கும்படி அலறினேன்.

“கரண்டுதானே கண்ணு போச்சு? என்னமோ புலி வந்தாப்புல கத்தறே” என்பார் அம்மா.

கம்பத்தில் ஏறிப் பார்த்த லைன்மேன், அங்கே ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். அம்மா கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் போய் நின்றார். “ஏனுங்க, போன குடித்தனக்காரங்களும் இதையேதானுங்க சொல்லிட்டு இருந்தாங்க. பொறுத்துப் பாத்தாங்க, அப்புறம் காலி பண்ணீட்டுப் போயிட்டாங்க” என்றார் அந்த அம்மா, அது ஏதோ போனவர்களின் குறை என்பது போல. நான் அம்மாவின் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் எதைக் கண்டு ஓடினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஏனென்றால் அது எப்போது வரும் என்பதை நான் கண்டுபிடித்திருந்தேன். எங்களுக்கு மேலே இருந்த மாடிவீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் முதலில் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் வீட்டில் கரண்ட் போகும். அது மேலே குளித்துவிட்டு ஈரத்தோடு கீழே இறங்கி வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, விசைத்தறிப் பட்டறையில் ஃபிட்டர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். தனக்குத் தெரியாத மிஷின் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்பது அவருடைய எண்ணம். தையல் மிஷின், மிக்சி, ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, “இனி எப்படிப் போகுதுன்னு பாத்தர்றேன்” என்று காபி டம்ளரைக் கையில் எடுத்தார். ‘டக்.’

“மேல தண்ணி ஊத்துனாத்தான் மாமா போகுது” என்றேன், பேயைப் பற்றி மட்டும் சொல்லாமல்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “மேல் ஊட்டுத் தண்ணியும் நம்மூட்டுக் கரண்டும் பங்காளிகளா அம்மணி?”

அப்புறம் அம்மாவிடம் திரும்பினார். “இங்க பாருக்கா, பட்டறைல எங்களுக்கு ஒரே கணக்குதான். தறி நிக்கக் கூடாது. எது நிறுத்துதோ அதைக் கழட்டி வீசோணும்.” பெட்டியைத் திறந்து, அடிக்கடி விழுகிற அந்தச் சுவிட்சை விட்டுவிட்டு, ஒயரோடு ஒயரை முறுக்கி இணைத்தார். “டைரக்டா குடுத்துப்போட்டேன். இனி எந்த ராசா வந்தாலும் போகாது.” என்னைத் தூக்கிப் பெட்டிக்குள் இருந்த கருப்புப் பிடியைக் காட்டினார். “பொகை கிகை வந்துச்சுன்னா இந்த மெயினைக் கீழ இழுத்துப்போடு கண்ணு. மத்தபடி ராணி மாதிரி இரு.”

மாமா சொன்னபடியே கரண்ட் போகவில்லை. மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், எங்கள் விளக்கு அசையாமல் எரியும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா மாமாவுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தனுப்பினார்.

பிறகு குளியலறைக் குழாய் கடிக்க ஆரம்பித்தது. ஈரக்கையால் திருகினால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல ஒரு சுருக். “குழாய் கடிக்குதும்மா” என்று சொன்னேன். அம்மா தையலிலிருந்து எழுந்து வந்து, உலர்ந்த கையால் தொட்டுப் பார்த்து, “குளிக்காம இருக்கறதுக்கு இது ஒரு சாக்கா?” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியில் விளையாட இடம் இல்லாமல் போனதால் அது குழாய்க்குள் குடியேறியிருக்கிறது.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றின் காலையில் மாடிவீட்டில் போர்வைகளைத் துவைத்தார்கள். தண்ணீர் நிற்காமல் கொட்டும் சத்தம். அம்மா அழுக்குத் துணிகளோடு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கூப்பிடும் குரல் அல்ல, அழுகையும் அல்ல. தொண்டைக்குள்ளேயே சிக்கிக்கொண்ட ஒரு முனகல். எட்டிப் பார்த்தேன்.

அம்மாவின் கை குழாயைப் பிடித்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. வாய் கோணியிருந்தது. கண்கள் மட்டும் என்னையே பார்த்தன. மேலே பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வேறு எந்தப் பிள்ளையும் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டிருக்கும். நான் போகவில்லை. அது அம்மாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கிட்டே போனால் என்னையும் பிடிக்கும் என்று பயந்து பின்னால் ஓடினேன். ஓடிய இடத்தில் வாசற்கதவு, அதன் மேலே பெட்டி. மாமா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தையல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கருப்புப் பிடியில் இரண்டு கையாலும் தொங்கினேன்.

குளியலறை இருண்டது. உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது.

என் வாழ்நாளில் அந்த இருட்டுக்குள் போனது போல வேறு எதற்குள்ளும் நான் போனதில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போனேன். ஈரத்தரையில் அம்மாவின் கால் தட்டுப்பட்டது. “அம்மா, அம்மா” என்று உலுக்கினேன். வெகுநேரம் கழித்து, அல்லது எனக்கு அப்படித் தோன்றிய பிறகு, அம்மா மூச்சை இழுத்து, “கண்ணு” என்றார். அதன் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. என் அலறலில் எதிர் வீட்டுக்காரர்கள் ஓடி வந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் உள்ளங்கையில் கட்டோடு அம்மா திரும்பியபோது, மாமா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். “எங்கையாலயே எங்கக்காளைக் கொல்லப் பாத்துட்டேனே!” மறுநாள் காலையில் அவரே மெயினை இறக்கிவிட்டு, குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையோரம் சுவரில் பதிந்திருந்த ஒயர்ப் பெட்டியின் வட்ட மூடியைத் திருகினார். உள்ளேயிருந்து தண்ணீர் குபுக்கென்று அவர் முகத்தில் கொட்டியது. மாடிவீட்டுத் தரையில் ஒழுகிய தண்ணீர் அதற்குள் இறங்கி, ஒயர்கள் அதில் ஊறிக் கிடந்தன. அங்கிருந்துதான் கரண்ட் இரும்புக் குழாய்க்கு இறங்கியிருக்கிறது. மாமா என் முகத்தைப் பார்க்காமல், முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கார அம்மா மாடித் தரையைச் சரிசெய்தார். “கரண்ட் கசிஞ்சா விழறதுக்குன்னே வெச்ச சுவிட்ச் அக்கா இது” என்று சொல்லிக்கொண்டே, பழைய சுவிட்சை மாமா மறுபடி இணைத்தார். அப்புறம் கரண்ட் போகவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா தையல் மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மிக்சிக்கு வைத்தார், அரிவாள்மனைக்கு வைத்தார். கடைசியாக ஸ்டூலைக் கொண்டுபோய் வாசற்கதவருகே போட்டு ஏறினார். அந்தச் சுவிட்சைச் சோதிப்பதற்கென்று அதில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை, மாமா சொல்லிக்கொடுத்தபடி, வேண்டுமென்றே அழுத்தினார். ‘டக்.’ வீடு இருண்டது.

இருட்டில் அம்மா சிரித்தார். “ம்... முழிச்சுட்டுத்தான் இருக்குது” என்றார்.

சுவிட்சைத் தூக்கிவிட்டு, தழும்பு விழுந்த கையால் அதன் நெற்றியில் பொட்டு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கிறது! அந்த வீட்டைக் காலி செய்யும் வரை நான் அந்தப் பெட்டிக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். அது யாருக்காக முழித்திருக்கிறது என்று அம்மாவிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.