என் காலைத் தூக்க ஒரு ஆள்

முப்பது வருடமாகப் புத்தளத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். தேவையில்லாத வயரைச் சுவருக்குள் விட்டுவைத்தவனை நான் திட்டாத திட்டில்லை. அப்படிப்பட்ட என்னிடம் டொக்டர், "உங்கட நெஞ்சுக்குள்ள கரண்ட் போற பாதை ஒண்டு கூட இருக்கு. அதுக்குள்ளால கரண்ட் சுத்திச் சுத்தி ஓடுறதாலதான் திடீரெண்டு படபடக்குது" என்றார். என் தொழிலை எனக்கே படிப்பிக்கிறாரே என்று கோபம்தான் வந்தது.

இரண்டு வழி சொன்னார். காலம் முழுக்க மருந்துக் குளிசை போடலாம். நெஞ்சு படபடவென்று ஓடுகிற ஓட்டம் குறையும், வரவே வராது என்று சொல்ல முடியாது. அல்லது கொழும்புக்குப் போய், தொடை இடுக்கால் மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சுவரை ஏற்றி, அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டுவிடலாம். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும், எப்போதாவது சிக்கலும் வரலாம் என்றார். எனக்குச் சிக்கல் மட்டும்தான் காதில் விழுந்தது. "குளிசையே போதும் சேர்" என்று எழும்பிவிட்டேன். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் வயரில் கை வைக்கிறவனை நான் நம்புவதில்லை என்று வீட்டில் பெரிய நியாயம் சொன்னேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பயம்.

ஓட்டம் வந்தால் செய்ய ஒரு வித்தையும் டொக்டர் காட்டித் தந்தார். மூச்சை அடக்கி நன்றாக முக்க வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்க, வேறொருவர் இரண்டு காலையும் உயர்த்திப் பிடிக்க வேண்டும். அந்த வேறொருவர் என் மனைவி. "முக்குங்க! இன்னும் முக்குங்க!" என்று பிரசவம் பார்க்கிறவள் மாதிரிக் கத்துவாள். அடுத்த வீட்டார் என்ன நினைத்தார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இப்படியே இரண்டு வருடம் போனது. பிறகு அந்த அடுத்த வீட்டிலேயே கலியாணம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊர்ப் பழக்கப்படி ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பெரிய தட்டிலிருந்தே சாப்பிடுவோம். ஒருவன் பாதியில் எழும்பினால் மற்ற ஐந்து பேருக்கும் கை ஓடாது. பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் என் நெஞ்சு கிளம்பியது. எழும்ப வெட்கம். இருந்த இடத்திலேயே மூச்சை அடக்கி முக்கினேன்.

எதிரே மச்சான், என் மனைவியின் தம்பி. நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது சஹனில் மரியாதை. சிவந்துபோன என் முகத்தைப் பார்த்து, இறைச்சி கிடைக்காத கோபம் என்று நினைத்து ஒரு துண்டைத் தள்ளினான். நான் இன்னும் முக்கினேன். இன்னொன்று வந்தது. மற்றவர்களும் தள்ளத் தொடங்க, என் முன்னால் ஒரு முழுக்கோழி சேர்ந்துவிட்டது.

"கோழி வாணாம் மச்சான்! என்ட ரெண்டு காலையும் தூக்கு!" என்று பாயில் சரிந்தேன்.

ஐந்து பேரும் நெய்ச்சோற்றுக் கையோடு பாய்ந்து பிடித்தார்கள். சாரன் கட்டியவனின் காலை உயர்த்தினால் சாரன் எந்தப் பக்கம் போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உள்ளே கால்சட்டை போட்டிருந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

திரை விலகியது. ஒருநாளும் ஆண்கள் பக்கம் எட்டிப் பார்க்காத என் மனைவி, சோறு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். "தள்ளுங்க! ஒங்களுக்குப் பிடிக்கத் தெரியாது!" என்று அத்தனை ஆம்பிளைகளையும் விலக்கி, என் காலைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நெஞ்சு ஒருமுறை தடுக்கி, ஒழுங்குக்கு வந்தது. மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு சஹனுக்குத் திரும்பினார்கள். கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளைச் சாரனில் பதிந்திருந்த நெய்க்கைகளை அவள் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ சிரிப்பு. "அஞ்சு பேர் தூக்கினாங்க, பாத்தியா என்ட மதிப்ப?"

சாரனைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "வண்ணாத்திவில்லுவில தாத்தா தனிய இருக்கா. இந்த ரெண்டு வருசத்துல ஒரு ராவு அங்க தங்கினனா? எங்க போனாலும் ஒங்கட காலுக்காக ஓடி வாறன். நான் மவுத்தாப் போனா ஆர் தூக்குற?"

தாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. புருஷன் மவுத்தாகி அவர் தனியே இருப்பது எனக்கும் தெரியும். இவள் அங்கே தங்காததை மட்டும் நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கிழமையே டொக்டரிடம் போய்க் கொழும்புக்குப் பெயர் கொடுத்தேன்.

முறை வர மாதங்கள் ஆயின. கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "மெயின நிப்பாட்டாமலா சேர் சுடப் போறீங்க?" என்று கேட்டேன். "நிப்பாட்டினா நீங்க எழும்ப மாட்டீங்க" என்றார் அங்கிருந்த டொக்டர். கலிமாவைச் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் சரி என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவள் வண்ணாத்திவில்லுக்கு பஸ் ஏறினாள். ஒரு ராத்திரி மட்டும் என்று பேச்சு. விடிந்ததும் போன் எடுத்தாள்.

"ஓட்டம் வந்துதா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா. பழக்கத்துல நானே சுவர்ல காலைத் தூக்கி வெச்சிட்டுப் படுத்தன்."

சிரித்தாள். பின்னால் தாத்தாவும் சிரிப்பது கேட்டது.

"அப்ப நான் இன்னும் நாலு நாள் நிண்டுட்டு வாறன்" என்றாள்.