லண்டனில் இறந்து லா சப்பலில் வாழ்ந்தவர்

ரதி அக்காவின் தம்பி சிவம் அண்ணையின் அழைப்பு வந்தபோது நான் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். “பிள்ளை, அக்கா போட்டா” என்றார். “எங்கை போட்டா?” என்று கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவரைப் பற்றி இப்படி யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ரதி அக்கா சிகிச்சைக்கு நடுவிலேயே ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, லண்டனில் பழைய சிநேகிதி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தவர். “விடியப்புறம். நித்திரையிலை” என்றார் சிவம் அண்ணை. பிறகு, “நீர்தான் சனத்துக்குச் சொல்லவேணும். எனக்குக் கதைக்க ஏலாமல் கிடக்கு.”

அப்படித்தான் அன்று முழுவதும் நான் தொலைபேசியில் இருந்தேன். உங்களில் பலருக்குச் செய்தி என் குரலில்தான் வந்திருக்கும். லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் சிவம் அண்ணையின் பலசரக்குக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு இருந்த அக்காவை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னொரு வாழ்க்கை இருந்தது என்பதும் இப்போது தெரியும். அது எப்படி இருந்தது என்று அவர் என்னிடம் சொன்னவற்றை எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன்.

ரதி அக்காவின் முழுப்பெயர் இரத்தினேஸ்வரி. மானிப்பாயில் பிறந்தவர். தாதிப் படிப்புக்காக இளவயதில் லண்டன் போனார். ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது அங்கே ஊழியர்கள் போட்ட நாடகங்களில் நடித்திருக்கிறார். அவற்றில் ஒன்றைப் பார்க்க வந்த ஒருவர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வேலை செய்பவர். இங்கிலாந்தின் வடபகுதி ஊரொன்றில் நடப்பதாகக் கதை போகும் நெடுந்தொடர் அது. வாரத்தில் மூன்று நாள், வருடக்கணக்காக முடியாமல் ஓடுவது. அதில் மருந்துக்கடையில் நிற்க ஓர் ஆசியப் பெண் தேவைப்பட்டது. ஒருநாள் வேலை, ஒரு வரி வசனம்: உங்கள் மருந்து தயார். “அந்த ஒரு வரியைச் சொல்லப் போனன். பத்து வருசத்துக்கு மேலை நிண்டிட்டன்” என்பார் அக்கா.

அந்தப் பாத்திரத்தின் பெயர் மாலினி. முதலில் கடையில் வேலைக்கு நின்ற மாலினி பிறகு கடைக்குச் சொந்தக்காரியானாள். ஓர் ஆங்கிலேயரைக் கலியாணம் செய்தாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தாள். வீடு எரிந்தது. அயலவர்களோடு சண்டை வந்தது. அக்கா தாதி வேலையை விட்டுவிட்டார். “கிழமைக்கு மூண்டு தரம் அழுதன் பிள்ளை. அதுக்குச் சம்பளம் தந்தவங்கள். எனக்கெண்டு அழ வந்தால் கண்ணிலை ஒண்டும் மிச்சமில்லை” என்று ஒருமுறை சொன்னார். சலிப்பாகச் சொல்லவில்லை. நாள் முழுக்கத் துணி தைத்தவர் கை வலிக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

தொடரை எழுதியவர்கள் ஒரு கட்டத்தில் மாலினியைக் கொலைகாரியாக்க முடிவு செய்தார்கள். கணவனின் இருதயக் குளிசைகளை எடுத்துவிட்டு அவள் வேறு மாத்திரைகளை வைக்கிறாள். பல வாரங்கள் அவன் கொஞ்சம் கொஞ்சமாக நோயாளியாகிறான், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நாட்களில் ஒரு மூதாட்டி பஸ்ஸில் அக்காவின் கன்னத்தில் அறைந்திருக்கிறார். கோயிலில் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி, தன் பிள்ளைகளோடு அடுத்த பக்கம் போய் இருந்திருக்கிறார். அக்கா இதையெல்லாம் சிரித்தபடிதான் சொன்னார். சிரிக்காமல் சொன்னது ஒன்றே ஒன்று.

அவருடைய சொந்தக் கணவர் கணக்காளர். அமைதியான மனிதர் என்று கேள்வி. அவருக்கும் இருதய நோய் இருந்தது. தொடரில் குளிசைக் கதை ஓடும்போது, காலையில் அக்கா மருந்தை நீட்டினால், “இது வீட்டுக் குளிசையோ, நாடகக் குளிசையோ?” என்று கேட்பாராம். அந்த மனிதர் ஒரு வருடம் கழித்து வேலைக்குப் போகும் வழியில் மாரடைப்பில் இறந்துபோனார். செத்தவீட்டில் அக்கா உடலுக்குப் பக்கத்தில் இருந்தபோது, பின்வரிசையில் கணவர் பக்கத்து உறவுக்காரப் பெண் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. “டிவியிலை செய்ததை வீட்டிலையும் செய்துபோட்டாளோ தெரியேல்லை.”

“அவ பகிடிக்குத்தான் சொன்னவ” என்றார் அக்கா. “ஆனால் பக்கத்திலை இருந்தவ சிரிக்கேல்லை. யோசிச்சவ.”

அக்கா மீண்டும் வேலைக்குப் போனார். அதற்குள் மாலினி பிடிபட்டிருந்தாள். சிறைச்சாலைப் படியில் விழுந்து அவள் சாவதாக எழுதிக் கதையை முடித்தார்கள். கடைசிப் படப்பிடிப்பு முடிந்த மறுநாளே அக்கா தம்பி சிவத்துக்குத் தொலைபேசி எடுத்து, “உன்ரை கடையிலை எனக்கு இருக்க ஒரு கதிரை கிடக்கே?” என்று கேட்டிருக்கிறார்.

லா சப்பலை அவர் தேர்ந்ததற்கு ஒரே காரணம் இங்கே ஆங்கிலத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் இல்லை என்பதுதான். மெத்ரோவில் இறங்கி மீனும் முருங்கைக்காயும் வாங்க வருகிற சனத்துக்கு அவர் சிவத்தின் அக்கா மட்டுமே. யாரோ கேட்டபோது சிவம் அண்ணை, “அக்கா லண்டனிலை பார்மசியிலை நிண்டவ” என்று சொல்லிவைத்தார். அது ஒருவகையில் உண்மைதான். அதன்பிறகு ஆட்கள் மருத்துவர் எழுதிய துண்டுகளைக் கொண்டுவந்து நீட்டத் தொடங்கினார்கள். அக்காவும் தாதியாக இருந்தவர் என்பதால் வாசித்துச் சொல்லுவார். எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்லிவிட்டு, “வடிவா டொக்டரிட்டையும் கேளுங்கோ. என்னை நம்பாதேங்கோ” என்பார். அவர் ஏன் அதை அவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்று அப்போது எவருக்கும் தெரியாது.

ஆனால் லண்டன் ரயில் வந்து நிற்கும் இடம் கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். ஒருநாள் பயணப் பெட்டிகளோடு ஓர் ஆங்கிலேயத் தம்பதி மாம்பழம் வாங்க வந்தார்கள். காசு கொடுக்கும்போது அந்தப் பெண் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், “நீங்கள் செத்துவிட்டீர்களே” என்றார். அக்கா மிச்சக் காசைக் கொடுத்தபடி, “ஓம், இங்கே வந்து கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறேன்” என்று அதே ஆங்கிலத்தில் சொன்னார். அப்போது நான் கடையில் நின்றேன். அவர்கள் போனபிறகு, “ஆர் அக்கா செத்தது?” என்று கேட்டேன். அப்படித்தான் எனக்குக் கதை தெரியவந்தது. கொஞ்ச நாளில் யாரோ ஒருவரின் மகள் இணையத்தில் அந்தத் தொடரின் ஒரு துண்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

குலம் அண்ணை வந்தது அதன்பிறகுதான். வன்னியில் இருந்து வந்தவர். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருந்தது. அந்த விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுத்தது அகதிகளுக்கு உதவும் எங்கள் அலுவலகம்தான். அவர் மகள் ஊரில் குலம் அண்ணையின் தாயோடு இருந்தாள். அவருக்கு விசா கிடைத்தால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம். வழக்கறிஞருக்கு ஒரே கவலை. இந்த மனிதர் தன் மனைவி செத்ததை பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்கிறார், நீதிபதிகள் நம்பமாட்டார்கள் என்றார். அதைக் கேட்டு, உணவகத்தில் அவரோடு வேலைசெய்யும் கணேஸ் அவரைக் கடைக்குக் கூட்டிவந்தார்.

“அக்கா, இவருக்கு ஒருக்கா அழப் பழக்கி விடுங்கோ” என்றார் கணேஸ்.

அக்கா குலம் அண்ணையைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது ஏலாது தம்பி” என்றார் அக்கா. “நான் பழக்கினால் அது மாலினியின்ரை அழுகையாத்தான் வரும். நீதிபதிமாற்றை வீட்டிலையும் டிவி இருக்கு.”

ஆனால் அவரைப் போகவிடவில்லை. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார். குலம் அண்ணை சொன்னார். போரின் கடைசி மாதங்கள். பங்கர். ஷெல் விழுந்தது. மனைவி இறந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என் கோப்பில் இருந்தது அப்படியே, அதே ஒழுங்கில். அக்கா அவருக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினார். பிறகு, “அண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?” என்று கேட்டார்.

“கஞ்சி” என்றார் குலம் அண்ணை. “உப்பில்லை. பிள்ளை குடிக்கமாட்டன் எண்டு நிண்டது. பக்கத்து பங்கரிலை கொஞ்சம் இருக்கெண்டு சொல்லி, அவ எழும்பிப் போனவ.”

“இதை முந்திச் சொன்னனீங்களோ?”

“இல்லை அக்கா. உப்புக் கதையை ஆர் கேக்கப்போகினம்?”

“நான் கேட்டனே” என்றார் அக்கா. “அங்கையும் இதைச் சொல்லுங்கோ. அழுகை வந்தால் அழுங்கோ. வராட்டி விடுங்கோ.”

விசாரணை அன்று அக்காவும் வந்து பொதுமக்கள் உட்காரும் வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். குலம் அண்ணை அதே வறண்ட குரலில்தான் பேசினார். மொழிபெயர்ப்பாளர் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனார். உப்புக்காக மனைவி எழும்பிப் போன இடத்தில் குலம் அண்ணை நின்றுவிட்டார். அழவில்லை. பேச்சு அதற்குமேல் வரவில்லை. நடுவில் இருந்த நீதிபதி ஒரு வயதான பெண். அவர் பேனாவை வைத்துவிட்டு, “உப்புக் கிடைத்ததா?” என்று கேட்டார். கேள்வி தமிழில் வந்தது. குலம் அண்ணை தன் வலது கையைப் பார்த்தார். “அவவின்ரை கைக்குள்ளை இருந்தது” என்றார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. அவரை ஏற்றுக்கொண்டார்கள். செய்தி சொல்ல அவர் கடைக்கு வந்தபோது அக்கா பாராட்டவில்லை, “பிள்ளைக்கு உடனை ரெலிபோன் எடுங்கோ” என்று மட்டும் சொன்னார். இன்று அந்த மகள் பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் தகப்பனோடு இருக்கிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற அளவுக்கு இந்த ஊர்க்காரியாகிவிட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா ராசிக்காரி என்று ஒரு கதை பரவியது. அது உண்மையில்லை. அவரோடு அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்து கதைத்துவிட்டுப் போன சிலருக்கு விசா கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. நிராகரிக்கப்பட்ட ஒருவர் பிறகு தெருவில் அக்காவைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. “அந்த மனிசனுக்கு ஆரிலையாவது கோவிக்க வேணும். நீதிபதியிலை கோவிக்க ஏலுமே? என்னிலை கோவிக்கட்டும். எனக்குப் பழக்கம்தானே” என்றார்.

நோய் கணையத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பார்த்தபோது மெலிந்திருந்தார், ஆனால் குரல் அப்படியே இருந்தது. “லண்டனிலை நான் சாகேக்கை அஞ்சு தரம் எடுத்தவங்கள். ஒருக்கா சப்பாத்துக் கழண்டுபோச்சு. ஒருக்கா எனக்குத் தும்மல் வந்திட்டுது. இதை ஒரே தரத்திலை செய்ய வேணும் பிள்ளை” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சத்தம் கூடாது என்று தாதி வந்து சொன்னார்.

இறுதி நிகழ்வுக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும், முன்வாசலில் கறுப்புக் கோட்டோடு உயரமான ஓர் ஆங்கிலேயர் தனியாக நின்றார். சிவம் அண்ணை என்னிடம், “ஆர் பிள்ளை அந்த வெள்ளை?” என்று கேட்டார். போய் விசாரித்துவிட்டு வந்து, “அக்காவின்ரை மனுசன். நாடகத்திலை” என்றேன். சிவம் அண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு தானே போய் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து குடும்பத்தவர் வரிசையில் இருத்தினார். அன்று காலை ரயிலில் வந்திருந்த அந்த மனிதர் தமிழ் தெரியாமலேயே தேவாரம் முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்தபிறகு அவர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். தொடரில் மாலினியின் கணவராக நடித்த அவருக்கு ஒரு நீண்ட பேச்சு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி. பாதியில் அவருக்கு வசனம் முழுவதும் மறந்துபோய்விட்டதாம். மற்ற நடிகர்கள் என்றால் எதையாவது சொல்லி ஈடுகட்டுவார்கள், அல்லது படப்பிடிப்பை நிறுத்திவிடுவார்கள். “ரதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால் எனக்கு நினைவு வந்தது. அதைத்தான் ஒளிபரப்பினார்கள்” என்றார்.

அக்கா இருக்கும்வரை நான் அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்று அவரே கேட்டிருந்தார். அடுத்த ஞாயிறு மதியம் அந்தக் காட்சியைத் தேடி எடுத்தேன். படம் மங்கலாக இருந்தது. மருந்துக்கடை மேசைக்கு அந்தப் பக்கம், நான் கடைசியாகக் கண்டதைவிட முப்பது வயது குறைந்த அக்கா. அந்த மனிதர் பேசிக்கொண்டே வந்து நின்றுவிடுகிறார். அவருக்கு வசனம் மறந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அக்கா அசையவில்லை. அவசரப்படுத்தும் ஒரு சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. இரக்கமும் இல்லை. எவ்வளவு நேரம் எடுத்தாலும் அடுத்த சொல் வரும், வரும்போது தான் அங்கே இருப்பேன் என்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அந்த மனிதர் பேசத் தொடங்குகிறார்.

என் அலுவலகத்தில் மேசைக்கு எதிரே இருந்து கதை சொல்ல வருகிறவர்கள் நடுவில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது எனக்குள் எழும்பி வருவது வசனமே இல்லாத அந்த முகம்தான். ரதி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது. மற்றதெல்லாம் உங்களோடும் இருக்கிறது.