ஹவாய் உணவகத்தில் ஒரு பொதுக் கிண்ணம்

மதுரை விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டபோது, பெரியப்பாவின் பெட்டியில் பாதிக்கு மேல் தின்பண்டங்கள் இருப்பது தெரிந்தது. காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய், முறுக்கு, இரண்டு படி அவல்.

"இவ்வளவும் பேத்திக்கா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கும் கொஞ்சம் வேணும்ல தாயி. அங்கிட்டுச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கிடுமோ என்னமோ."

வயிற்றைப் பற்றி அவர் சொன்னதை நான் நம்பவில்லை. பரளச்சிக்குப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அவருடைய ஒரே மகன் செல்வம் அண்ணன் சிங்கப்பூரில் பொறியாளர். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் எம்.ரெட்டியபட்டியைச் சேர்ந்த மலரைத் திருமணம் செய்துகொண்டார். மலர் மதினி எங்கள் சாதி அல்லர். அவருடைய தாத்தா காலம் வரை எங்களைப் போன்றவர்களின் நிலங்களில் கூலி வேலை செய்த குடும்பம். அவருடைய அப்பா லாரி ஓட்டுகிறார், மதினி செவிலியர். பெரியப்பா திருமணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பின்னும் மருமகளின் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ அவர் கை நனைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது, அதாவது அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, அந்த வீட்டாரை உறவென்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். ஒப்புக்கொள்ளாதவர்கள் சண்டை போடுவதில்லை. பசியில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

பேத்தி இனியாவுக்கு ஐந்து வயது நிறையப்போகிறது. அவளைப் பார்க்கும் ஆசைதான் அவரை விமானத்தில் ஏற்றியது. துணைக்குப் போக நான் அகப்பட்டேன். சமூகப்பணியில் முதுகலை படித்து, கண்மாய்ப் பாசனம் குறித்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், எதையும் எடுத்துச் சொல்லிச் சரிசெய்துவிடுவேன் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

பறந்தது நான்கரை மணி நேரம். சாங்கி விமான நிலையத்திலிருந்து செங்காங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு டாக்சியில் இருபத்து நான்கு வெள்ளி. டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். பதினோராவது மாடியில் கதவைத் திறந்த மதினி, "வாங்க மாமா" என்று இரண்டு கைகளையும் கூப்பினார். பெரியப்பா தலையசைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

முதல் நான்கு நாட்களும் ஒரே மாதிரி கழிந்தன. காலையில் அண்ணன் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் போய் இட்லி வாங்கி வருவார், பெரியப்பா சாப்பிடுவார். மதியம் வாழைப்பழமும் ரொட்டியும். இரவு அவல். "வயிறு மந்தமா இருக்கு" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. மதினி ஒவ்வொரு வேளையும் சமைத்து, மேசையில் அவருக்கும் ஒரு தட்டு வைத்தார். உணவு முடிந்ததும் அந்தத் தட்டைத் துடைத்துத் திரும்பவும் அடுக்கினார். வற்புறுத்தவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. மருமகளிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பெரியப்பா குழந்தையிடம், "ஒங்க அம்மாட்டச் சொல்லு" என்றே தொடங்குவார்.

சனிக்கிழமை இனியாவின் பிறந்தநாள். எங்கே சாப்பிடலாம் என்று கேட்டதற்கு அவள் ஹவாய்க் கடை என்றாள். பள்ளித் தோழி ஒருத்தி அங்கே போய் வந்திருக்கிறாள். கழுத்தில் மாலை போடுவார்களாம். கடை என்றதும் பெரியப்பாவின் முகம் தெளிந்தது. வெளியே சாப்பிடுவதில் அவருக்கு எந்தத் தடையுமில்லை. அடுப்பு யாருடையது என்ற கேள்வி கடையில் எழுவதில்லை அல்லவா?

மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். டாக்சி ஓட்டியவர் வயதான சீனர். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்துவிட்டு, பத்து நிமிடம் நடந்தால் கடல் இருக்கிற ஊரில் இன்னொரு தீவின் கடற்கரைச் சாப்பாட்டுக்கு எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் மொழிபெயர்த்ததும் பெரியப்பா சிரித்தார். "நியாயமாத்தான் கேக்காரு."

உணவகம் காத்தோங் பகுதியில், வண்ணம் பூசிய பழைய மாடிக் கடைகளின் வரிசையில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மரமேசைகள். சுவரில் அலைச்சறுக்குப் பலகைகள். நான்கு தந்திகள் கொண்ட ஒரு சிறிய வாத்தியத்தின் இசை தாழ்வாக ஒலித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் எல்லோர் கழுத்திலும் துணிப் பூமாலை அணிவித்தார். முதலில் இனியாவுக்கு, பிறகு மதினிக்கு, அப்புறம் பெரியப்பாவுக்கு. அவர் கட்சிக் கூட்டத்து மேடைக்காரரைப் போல மாலையை உடனே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தாத்தா, கழட்டக் கூடாது."

"வேர்க்குது கண்ணு."

குளிர்சாதனக் காற்று எங்கள் தலைக்கு மேல்தான் வீசிக்கொண்டிருந்தது.

உணவுப் பட்டியலை அண்ணன் வாசித்துச் சொன்னார். உப்பும் எண்ணெயும் கடற்பாசியும் சேர்த்துப் பிசைந்த பச்சை மீன், இருபத்தாறு வெள்ளி. சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த மீன், முப்பது. கோழியும் கண்ணாடி போன்ற சேமியாவும் சேர்ந்த குழம்பு, இருபத்து நான்கு. தேங்காய்ப்பாலைக் கெட்டியாக்கி வெட்டிய இனிப்புத் துண்டுகள், ஒன்பது.

"மீன வேக வைக்காமயா திங்காக?"

"ஆமாப்பா. நல்லாத்தான் இருக்கும்."

"நீ தின்னு. எனக்கு வெந்தது போதும்."

தட்டுகளோடு கடைக்காரரே வந்தார். அகன்ற தோள்கள், நரைத்த தலை. ஹவாயின் பெரிய தீவில் பிறந்து, இவ்வூர்ப் பெண்ணை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மேசையின் நடுவே மூடியோடு ஒரு மரக்கிண்ணத்தை வைத்து, இது பிறந்தநாள் பிள்ளைக்குத் தன் அன்பளிப்பு என்றார். உள்ளே சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில், களிக்கும் கூழுக்கும் இடைப்பட்ட பதத்தில் ஒன்று இருந்தது. அதன் பெயர் 'போய்'. சேப்பங்கிழங்கை அவித்து, இடித்து, நீர்விட்டுப் பிசைந்து, இரண்டு நாள் புளிக்க வைப்பார்களாம். கரண்டி கிடையாது. எல்லோரும் ஒரே கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்துச் சாப்பிட வேண்டும். ஒரு விரலில் நின்றால் கெட்டி, இரண்டு விரல் வேண்டியிருந்தால் நடுத்தரம், மூன்று என்றால் தளர்வு. அங்கே பதத்தை இப்படி விரலால்தான் சொல்கிறார்கள்.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அவர்களுடைய கதையில் இந்தச் செடி மனிதனுக்கு அண்ணன். முதலில் பிறந்தது அது, அடுத்துப் பிறந்தவன் மனிதன். எனவே கிண்ணம் திறந்திருக்கும்போது மூத்தவர் ஒருவர் நடுவில் அமர்ந்திருப்பதாகப் பொருள். அதை மூடும்வரை மேசையில் யாரும் கடுஞ்சொல் பேசக்கூடாது. பழைய மனக்குறைகளை எடுக்கவும் கூடாது. சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

இனியா முதலில் விரலை விட்டாள். நக்கிப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். அடுத்து அண்ணன், பிறகு மதினி, பிறகு நான். புளிப்பு நாக்கின் ஓரத்தில் மெதுவாகத்தான் தெரிந்தது.

"தாத்தா, நீ."

பெரியப்பா கிண்ணத்தைப் பார்த்தார். மதினியின் விரல் பட்ட தடம் அதில் இன்னும் மூடவில்லை. அண்ணன் கோழிக்குழம்பில் எதையோ தேடினார். நான் தண்ணீர் குடித்தேன். மதினி மட்டும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். பெரியப்பா வலது கையை நீட்டி, இரண்டு விரல்களால் எடுத்து வாயில் வைத்தார்.

"புளிச்ச கம்மங்கூழுல்ல இது," என்றார். "உப்புதான் பத்தல."

இன்னொரு முறையும் எடுத்தார். அண்ணன் கைகழுவப் போவதாகச் சொல்லி எழுந்து போனார். திரும்பி வந்தபோது முகத்தையும் கழுவியிருந்தார்.

எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஆறு ஆண்டுகள் நீடித்த ஒன்று ஒரு கிழங்கு மாவில் முடிந்துவிட்டது என்று அப்போது எண்ணினேன். மதினி அப்படி எண்ணவில்லை. அவர் மரமூடியை எடுத்துக் கிண்ணத்தை மூடினார். அதன் பிறகுதான் பேசினார்.

"மாமா, நீங்க சாப்பிட்டது சந்தோசம். ஆனா இது கடை. அடுப்படியில யாரு நிக்காகன்னு நீங்களும் கேக்கல, நீங்க யாருன்னு அவுகளும் கேக்கல. என் வீட்டுல வச்ச தட்டு நாலு நாளாச் சும்மாவே கெடக்கு."

"மலரு, பிள்ள பொறந்தநாளு," என்றார் அண்ணன்.

"தெரியும்ங்க. அதான் மூடிட்டுப் பேசுறேன்." அவர் குரல் உயரவில்லை. "எனக்காக நீங்க இங்க எதுவும் சாப்பிட வேணாம் மாமா. என் கையில சாப்பிடணும்னும் கேக்கல. எங்கம்மா உங்கள வாங்கன்னு சொல்லவே ஆறு வருசமாப் பயந்துக்கிட்டிருக்காக. ஊருக்குப் போனதும் அவுக வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிங்க. அதுக்குமேல உங்ககிட்ட நான் எதுவும் கேக்க மாட்டேன்."

இந்தப் பேச்சின் விளைவுகளை நான் எடைபோட்டேன். அவர் எழுந்து போகலாம். நாளைக்கே ஊர் திரும்பவேண்டும் என்று சொல்லலாம். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே மிஞ்சியிருந்த தொலைபேசிப் பேச்சும் நின்றுபோகலாம். இடைபுகுந்து எதையாவது சொல்லி மழுப்புவதும் எனக்கு எளிதுதான். ஆனால் மழுப்புவதற்கு நான் யார் என்று தோன்றியது. மதினி கேட்டது தண்ணீர் மட்டுமே.

பெரியப்பா கழற்றி வைத்திருந்த மாலையின் துணிப்பூக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். கடைசிப் பூவையும் நிமிர்த்திய பிறகு, குழந்தையை இடையில் வைக்காமல், மருமகளைப் பார்த்தே சொன்னார்:

"பிள்ள இன்னும் சாப்பிடுது. மூடியத் தொறந்து வையிம்மா."

மதினி திறந்து வைத்தார்.

மறுநாளும் அவர் அண்ணன் வாங்கி வந்த இட்லியைத்தான் சாப்பிட்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். மேசையில் தட்டு வைப்பதை மதினி நிறுத்தவில்லை.

புதன்கிழமை கிளம்பினோம். விமான நிலையத்தில் மதினி ஒரு பையை என்னிடம் கொடுத்தார். அவருடைய அம்மாவுக்கு ஒரு சேலையும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும். "போற வழிதான சுகந்தி, குடுத்துட்டுப் போயிரு," என்றார். பெரியப்பாவைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. பெரியப்பா குழந்தையின் தலையில் கை வைத்தபடி நின்றார்.

மதுரையிலிருந்து வாடகைக் காரில் அருப்புக்கோட்டை வந்து, கிழக்கே திரும்பினோம். சிங்கப்பூரில் கண் எங்கு போனாலும் பச்சை. இங்கே வெடித்த கரிசலும் சீமைக்கருவேலமும், நடுநடுவே வேலியிட்ட சூரியத் தகடுகளும். அறுவடை முடிந்த பருத்திக் காடுகளில் காய்ந்த செடித்தண்டுகள் நின்றன. எம்.ரெட்டியபட்டிக்குள் கார் நுழைந்தபோது, "நீங்க கார்லயே இருங்க பெரியப்பா, நான் குடுத்துட்டு வந்துருதேன்," என்றேன். அவருக்கு ஒரு வழி விட்டுக்கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

மதினியின் அம்மா வாசலில் நின்றவர், அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வாங்கய்யா, உள்ள வாங்க. அவுக லோடு ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடி போயிட்டாக." ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் மூடி திறக்காத கலர் பாட்டில்கள் இரண்டு வந்தன. எங்களைப் போன்றவர்கள் அந்தத் தெருவுக்குப் போனால் வழக்கமாகக் கிடைப்பது இதுதான். வீட்டுப் பாத்திரம் படாதது, மறுக்கவேண்டிய சங்கடம் இல்லாதது.

பெரியப்பா பாட்டிலைத் தள்ளி வைத்தார். "இது வேணாம்."

அந்த அம்மாவின் முகம் ஒடுங்கியது. கடைச் சரக்கைக்கூடத் தொட மறுக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். பெரியப்பாவுக்கும் அது புரிந்தது.

"வீட்டுத் தண்ணி குடுங்க சம்பந்தி."

அந்த அம்மா தயங்கினார். "உப்புத் தண்ணிங்கய்யா. கொழாயில வாரது."

"எங்க ஊருலயும் அதே உப்புதான்."

அந்த அம்மா உள்ளே போனார். டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. கொண்டுவந்த டம்ளரில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் இருந்தது. பெரியப்பா அதை வாங்கி, உதட்டில் வைத்துக் குடித்தார். முழுவதும் குடித்தார் என்று எழுதத்தான் ஆசை. பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார். உப்பினாலா, வேறு காரணத்தாலா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் ஐயந்தான்.

திரும்பக் காரில் ஏறியபோது யோசித்தேன். அயல்நாட்டுக் கடையில் அந்தக் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்ட அவருக்குச் சில நொடிகள் போதுமாயிருந்தன. வீட்டிலிருந்து சில மைல் தொலைவில், தான் பிறந்த நாள் முதல் குடித்துவரும் அதே தண்ணீருக்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதிலும் பாதிதான் ஆகியிருக்கிறது. வெளியூர் எங்களை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கார் பரளச்சிச் சாலையில் திரும்பும்போது மதினி அழைத்தார். கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"குடிச்சாகளா சுகந்தி?"

"குடிச்சாக மதினி. பாதி."

மறுமுனையில் மருத்துவமனை அறிவிப்பு ஒன்று கேட்டு அடங்கியது.

"சரி. ஆவணியில நாங்க ஊருக்கு வாரோம். அம்மா வீட்டுலதான் தங்குவோம். மாமாவ அங்க வந்து பிள்ளயப் பாக்கச் சொல்லு."

பெரியப்பா முன்னிருக்கையில் சாலையைப் பார்த்தபடி இருந்தார். எல்லாம் அவர் காதிலும் விழுந்தது.

"ஆவணியில எந்தத் தேதின்னு கேளு தாயி," என்றார்.